தூண்டில் பெட்டி சொல்லும் பவானி ஆற்றுக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினார். மேட்டுப்பாளையம் பக்கம் பூர்வீக வீட்டை இடிக்கும்போது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்திருக்கிறது. அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் குன்னூரில் ஒரு துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது என்று வீட்டில் பேச்சு. "உள்ளே என்னென்னமோ கிடக்குதுங்க டீச்சர். டாக்டர் சாமானா, மெக்கானிக் சாமானான்னே தெரியலைங்க. பழைய இரும்புக்காரர் முந்நூறு ரூபாய் சொல்றாருங்க. போட்டுறட்டுங்களா?" என்று கேட்டிருந்தார்.

"போட வேண்டாம் சாமி, ரெண்டு நாள் பொறு" என்று பதில் அனுப்பினேன்.

அது தூண்டில் பெட்டி. மூடியின் உள்பக்கம் 'ரெட்டிச்' என்று ஒரு ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு சாமானும் என்னவென்று அவருக்கு எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத, இது எல்லோருக்கும் சொல்ல வேண்டிய சங்கதி என்று தோன்றியது. அந்தப் பெட்டியில் இருப்பது ஒரு துரையின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. நம்ம பவானி ஆற்றின் நூறு வருஷத்துக் கதையும் அதில் இருக்கிறது.

வரலாற்றுச் சான்றுகள் எவை என்று கேட்டால் கல்வெட்டு, செப்பேடு, காசு, ஓலைச்சுவடி என்று வகுப்பில் ஒப்பிப்பீர்கள். அந்த வரிசையில் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றச்சாலையும் கவலைச் சாலும் நம்ம கிணறு எவ்வளவு ஆழம் என்று சொல்லும். அரிவாளின் வளைவு என்ன பயிரை அறுத்தார்கள் என்று சொல்லும். தூண்டில் முள் அந்த ஆற்றில் என்ன மீன் இருந்தது என்று சொல்லும். மீன் செத்து மண்ணோடு மண்ணாகிவிடும். முள் துருப்பிடித்தாவது கிடக்கும்.

முதலில் முள்

பெட்டியில் ரெண்டு விதமான முட்கள் இருந்தன. ஒன்று, சின்ன டப்பாவில் வரிசையாகக் குத்தி வைத்திருந்த பூச்சி முட்கள். கோழி இறகு, மயில் இறகு இழைகளை முள்ளின் மேல் பட்டு நூலால் சுற்றி, ஈ மாதிரியும் கொசு மாதிரியும் செய்தவை. சிலது அரிசி நீளம்தான் இருக்கும். இன்னொன்று, மூன்று முட்களை முதுகோடு முதுகு சேர்த்துப் பற்றவைத்த பெரிய முள். கட்டைவிரலை விட அகலம்.

ஒரே ஆள் எதற்கு இந்த ரெண்டையும் வைத்திருந்தார்? இங்கேதான் பெட்டி பேச ஆரம்பிக்கிறது.

பூச்சி முள் டிரவுட் மீனுக்கு. டிரவுட் நம்ம ஊர் மீன் இல்லை. குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் சீமை மீன். 1860களில் டாக்டர் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயற்சி செய்தார். கப்பலில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்த முட்டைகள் வழியிலேயே கெட்டுப்போயின. பல பேர் பல முறை முயன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில் அது நிலைத்தது. ஊட்டிக்கு அந்தப் பக்கம் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் வந்தது அப்படித்தான்.

பெரிய முள் டிரவுட்டுக்கு ஆகாது. அது மலைக்குக் கீழே, பவானியிலும் மாயாற்றிலும் இருந்த மாசீர் மீனுக்கு. மாசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளங்கை அகலச் செதில், தடித்த உதடு, வேகமான தண்ணீரை எதிர்த்து நீந்தும் உடம்பு. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கெல்லாம் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். அந்தப் பல்லால் மாசீர் நண்டையும் நத்தையையும் நொறுக்கும். சாதாரண முள்ளையும் நசுக்கிப் போட்டுவிடும் என்று அந்தக் காலத்துத் தூண்டில்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு கனமான முள்.

ஆக, இந்தப் பெட்டி மலை மேலும் போயிருக்கிறது, மலை இறங்கியும் வந்திருக்கிறது. 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓட ஆரம்பித்தது. குன்னூரில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் பவானிக் கரை. இரண்டு வகை முட்கள், ஒரு ரயில் பாதை, இரண்டு வகை மீன்கள். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ரெட்டிச் என்பது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். ஊசிக்குப் பேர்போனது. நம்ம திருப்பூர் பனியனுக்கு எப்படியோ, 19ஆம் நூற்றாண்டில் ரெட்டிச் தையல் ஊசிக்கு அப்படி. ஊசி செய்கிற அதே கம்பியை வளைத்து, முனைக்குப் பக்கத்தில் ஒரு செதுக்குச் செதுக்கினால் தூண்டில் முள். அந்தச் செதுக்கில் எழும் சின்ன எதிர்முனைதான் மீனைக் கழன்றுபோக விடாமல் பிடிக்கும். ஊசிக்காரர்கள் முள்ளுக்காரர்கள் ஆனார்கள். பிறகு 1877ல் நார்வேயில் மஸ்டாட் கம்பெனிக்காக முள் செய்யும் இயந்திரம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மஸ்டாட் என்ற பெயர் இன்றைக்கும் நம்ம மீன்பிடிச் சாமான் கடைகளில் காதில் விழும்.

ஒரு சுவாரசியம். முள்ளுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும். 1ஆம் நம்பருக்கு மேல் பெரிதாகப் போனால் 1/0, 2/0 என்று வேறு கணக்கு. கணக்கு வகுப்பில் என்னிடம் அடி வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

காய்ந்த நரம்பு மாதிரி ஒரு சுருள்

"காய்ந்துபோன நரம்பு மாதிரி என்னமோ சுருட்டி வச்சிருக்குதுங்க" என்று மாணவர் கேட்டது, நிஜமாகவே ஒரு பூச்சியின் உள்ளுறுப்பிலிருந்து வந்தது.

உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற சொந்தக்காரர்களுக்கு இது உடனே புரியும். கூடு கட்டத் தயாராக இருக்கும் புழுவின் உடம்புக்குள் பட்டுத் திரவம் நிறைந்த இரண்டு சுரப்பிகள் இருக்கும். நாம் புழுவைக் கூடு கட்ட விட்டு, அப்புறம் நூல் எடுக்கிறோம். ஸ்பெயின் நாட்டில் முர்சியா என்ற பகுதியில் புழுவைக் கூடு கட்டவே விடவில்லை. காடியில் ஊறப்போட்டு, சுரப்பியை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து நீட்டிக் காயவைத்தார்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத இழை கிடைத்தது. ஒரு இழை ஒரு முழம் வந்தால் பெரிது. அப்படிப்பட்ட இழைகளை முடிச்சுப் போட்டு நீட்டித்தான் முள்ளுக்கும் பட்டு நூலுக்கும் நடுவில் கட்டினார்கள்.

காய்ந்திருந்தால் இந்த இழை மொடமொடவென்று ஒடிந்துவிடும். முடிச்சுப் போடும் முன் நனைய வைக்க வேண்டும். பெட்டியில் தட்டையான வட்ட டப்பா ஒன்று, உள்ளே கம்பளித் துணி வைத்தது இருந்ததே, அது அதற்குத்தான். துணியை நனைத்து, நடுவில் இழையைச் சுருட்டி வைத்துவிட்டால் ஆற்றங்கரைக்குப் போகும்போது பதமாக இருக்கும்.

பட்டு நூலுக்கோ நேர் எதிரான வேலை. ஈரத்தோடு சுருட்டினால் மக்கிவிடும். அன்றன்றைக்குப் பிரித்து உலர்த்த வேண்டும். படத்தில் ராட்டை மாதிரி மடக்கி விரிக்கும் மரச்சட்டம் ஒன்று இருந்தது. நூல் உலர்த்தும் சட்டம் அது. ஒன்றை நனைத்து வைக்க வேண்டும், ஒன்றைக் காயவைத்து வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் மீன் பிடித்த நேரத்தை விட நூலைப் பராமரித்த நேரம் அதிகம் இருந்திருக்கும்.

கரண்டி, ரீல், பூண்

கைப்பிடி இல்லாத ஸ்பூன் மாதிரி ஒரு செம்புத் தகடு, ஒரு பக்கம் பளபளப்பு, முனையில் முள். இதற்குப் பெயரே ஸ்பூன்தான். தண்ணீரில் இழுத்தால் சுழன்று மின்னும். அடிபட்ட சின்ன மீன் துடிக்கிறது என்று நினைத்துப் பெரிய மீன் பாயும். 1852ல் அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் இதற்கு உரிமம் வாங்கினார். ஏரியில் படகில் உட்கார்ந்து சாப்பிட்டபோது கை தவறி விழுந்த ஸ்பூனை ஒரு மீன் கவ்வியதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மாசீர் பிடிக்க இந்தியா முழுக்கத் துரைமார் இந்த ஸ்பூனைத்தான் நம்பினார்கள்.

பித்தளை ரீலைச் சுற்றினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும். உள்ளே ஒரு பல்சக்கரமும் அதில் தட்டும் ஒரு நாக்கும் உண்டு. சத்தத்துக்காக மட்டும் வைத்ததல்ல. மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது நூல் தாறுமாறாகக் கழன்று சிக்கிவிடாமல் ஒரு சின்ன தடை கொடுக்கும்.

கம்பு பெட்டியில் இல்லை. கம்பின் துண்டுகளை ஒன்றோடு ஒன்று செருகும் பித்தளைப் பூண் மட்டும் இரண்டு கிடந்தது. கம்பு பற்றி ஒரு செய்தி: 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உயர்ந்த தூண்டில் கம்புகளை மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்தார்கள். அதற்கு முதலில் போனது கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம் நாட்டு மூங்கில். பருத்தி இங்கிருந்து போய் துணியாகத் திரும்பி வந்ததைப் பாடத்தில் படித்தோமே, அதே கதைதான்.

சின்னச் சாமான்கள்

டாக்டர் சாமான் என்று மாணவர் நினைத்தது பெரும்பாலும் இவைதான்.

முனை பிளந்த பித்தளைக் குச்சி: மீன் தொண்டைக்குள் முள்ளை விழுங்கிவிட்டால், நூல் வழியாக உள்ளே விட்டு முள்ளைத் தள்ளி எடுக்க.

கைப்பிடி போட்ட பெரிய கொக்கி: பெரிய மீனைக் கரைக்கு இழுத்துப்போட.

ஈயம் வைத்த குட்டைத் தடி: பிடித்த மீன் துடித்துத் துடித்துச் சாகாமல் தலையில் ஒரே அடியாக அடிக்க. இங்கிலீஷில் இதற்குப் 'பாதிரியார்' என்று பெயர். சாகும்போது கடைசி மந்திரம் சொல்பவர் பாதிரியார் அல்லவா, அதனால் அப்படி ஒரு கிண்டல்.

மயில் தோகைத் தண்டில் செய்த மிதவை: எடை இல்லாதது, தண்ணீர் ஏறாதது. நம்ம ஊரில் நெட்டியும் தக்கையும் செய்யும் வேலை.

கடைசியாக, வில் தராசு. அறுபது பவுண்டு வரை கோடு போட்டது. நம்ம கணக்கில் சுமார் 27 கிலோ.

இந்தத் தராசைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலகிரி டிரவுட்டுக்கு இவ்வளவு பெரிய தராசு தேவையே இல்லை. அது பவானிக்காக வாங்கியது. அறுபது பவுண்டுத் தராசு இருப்பதாலேயே அறுபது பவுண்டு மீன் பிடித்தார் என்று சொல்ல முடியாது. வரலாறு படிப்பவர்கள் அப்படி அவசரப்படக் கூடாது. ஆனால் அவர் எதை எதிர்பார்த்துப் போனார் என்று தராசு சொல்கிறது. எதிர்பார்ப்பு வெறும் கற்பனை இல்லை என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1946ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு மாசீர் ஒன்றைப் பிடித்தார். 54 கிலோ. கபினியும் பவானியும் ஒரே காவிரியின் பிள்ளைகள்தான்.

துரைமார் எழுதியதும் சட்டம் வந்ததும்

துரைமார் பிடித்ததோடு நிற்கவில்லை, எழுதினார்கள். எச்.எஸ். தாமஸ் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி 1873ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். சீமையின் சால்மன் மீனை விட மாசீர் அதிகம் போராடும் என்று அடித்துச் சொன்னவர் அவர். 1887ல் குளத்து மீன்களுக்கென்றே தனியாக இன்னொரு புத்தகமும் எழுதினார். டிரவுட் முட்டையைக் கொண்டுவந்து தோற்ற அதே பிரான்சிஸ் டே, 1873ல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். வலைக்கண்ணின் அளவு சுருங்கிக்கொண்டே போகிறது, குஞ்சு மீனும் தப்புவதில்லை என்பது அவர் கவலை.

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1879ல் நீலகிரிக்கு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். 1897ல் இந்திய மீன்வளச் சட்டம். தண்ணீரில் வெடி போட்டு மீன் பிடிப்பதையும் விஷம் கலந்து பிடிப்பதையும் அந்தச் சட்டம் குற்றமாக்கியது. வலை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று மாகாண அரசு விதி போடலாம், ஒரு நீர்நிலையில் இரண்டு வருஷம் வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கலாம் என்றும் இடம் கொடுத்தது.

நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்று: பிரெடரிக் நிக்கல்சன். 1887ல் வெளிவந்த கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர். கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழி சொன்ன அறிக்கையும் அவருடையதுதான். சொசைட்டியில் கடன் வாங்கிய எல்லோரும் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அதே நிக்கல்சன்தான் 1907ல் தொடங்கிய மதராஸ் மீன்துறையை முதலில் நடத்தியவர். துரைமாரின் விளையாட்டுக்கு மீன் காப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மீனவன் பிழைப்புக்கும் ஏழை சாப்பாட்டுக்கும் மீன் எப்படிக் கிடைக்கும் என்று யோசித்தவர். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல், மதராஸ் மாகாணத்து வலைகளையும் பொறிகளையும் படகுகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். நம்ம பரிசலைப் பற்றிக்கூட 1933ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

பெட்டியில் இல்லாதது

இது வரைக்கும் சொன்னது பாதிக் கதைதான். துரை வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பிருந்தே பவானியில் மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய சாமான்கள் எங்கே?

சங்க இலக்கியத்தைத் திறந்து பாருங்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் மீன் பிடிக்கும் பாணன் ஒருவனைக் காட்டுகிறார். அவன் தோளில் ஒரு தோல் பை, அதற்குள் இரைக்குப் பச்சை மாமிசம். கையில் நீண்ட மூங்கில் கழி, அதில் கட்டிய கயிறு, முனையில் வளைந்த இரும்பு. வாளை மீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பித்துவிடுகிறது. தப்பித்த மீன் அதற்கப்புறம் கரையோரப் பிரம்பின் நிழல் ஆடினால்கூட, தூண்டில்தான் என்று மிரள்கிறதாம்.

யோசித்துப் பாருங்கள். இரைப் பை, கழி, கயிறு, முள். குன்னூர்த் துரையின் பெட்டியில் இருந்ததில் முக்கியமான எல்லாமே சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாணனிடம் இருந்திருக்கிறது. வள்ளுவரும் சூதாட்டத்தில் வரும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்குத்தான் ஒப்பிட்டார். கேட்கிறவர்களுக்குத் தூண்டில் அவ்வளவு பழகிய பொருளாக இல்லாவிட்டால் அந்த உவமை எடுபட்டிருக்காது.

ஆனால் பாணனின் தோல் பை நம் கையில் இல்லை. மூங்கில் மக்கும், தோல் மக்கும், பருத்தி நூல் மக்கும். மூங்கில் பத்தைகளால் பின்னிய பறி, ஓடும் தண்ணீரில் வாய் வைத்துப் போட்டால் மீன் உள்ளே போகும், வெளியே வராது. வீச்சு வலை, அதன் ஓரத்தில் வரிசையாகக் கோத்த ஈயக்குண்டு. வலை நூல் மக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா என்ற அடியில்லாத கூடையை இன்றைக்கும் பார்க்கலாம். சேற்றுத் தண்ணீரில் கவிழ்த்துக் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள். அதை எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை. எந்த விலைப்பட்டியலிலும் அது இல்லை. பின்னத் தெரிந்த கை போய்விட்டால் பொருளும் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. துரை தானே பிடித்தார், தானே எழுதினார். நம்ம ஊரில் மீன் பிடித்தவர்களுக்கு எழுத்து கிடைக்கவில்லை. எழுத்து கிடைத்தவர்கள் மீன் பிடித்தவர்களிடம் போய்க் கேட்கவில்லை. துரையைப் பரிசலில் ஏற்றி, மாசீர் எந்தப் பாறைக்குக் கீழே நிற்கும் என்று காட்டியது பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள்தான். மீனோடு துரை நிற்கும் போட்டோக்களில் ஓரத்தில் தலைப்பாகையோடு ஒருவர் நிற்பாரே, அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

தராசு ஏன் பரணுக்குப் போனது

1938ல் அமெரிக்காவில் நைலான் அறிவிக்கப்பட்டது. கொஞ்ச காலத்தில் அது தூண்டில் நூலாகவும் வந்தது. நனைக்க வேண்டாம், உலர்த்த வேண்டாம், மக்காது. முர்சியாவின் புழு நரம்புக்கு அன்றோடு வேலை போனது. நம் பக்கம் 1952ல் கையெழுத்தான இந்தோ-நார்வே திட்டம் கேரளக் கரையில் புதிய படகுகளையும் வலைகளையும் பழக்கியது. மீன்பிடித் தொழில்நுட்பத்துக்கென்றே 1957ல் கொச்சியில் ஒரு மத்திய நிறுவனம் வந்தது. பிறகு நைலான் வலை உள்நாட்டுக்குள்ளும் நுழைந்து அணைக்கும் குளத்துக்கும் வந்துசேர்ந்தது.

நைலானால் மீனவர்களுக்கு உழைப்பு மிச்சமானது, அதில் சந்தேகமில்லை. பனிச்சங்காய் இடித்து, வலை காயவைத்து நின்ற பெண்களைக் கேட்டால் நைலானைக் கும்பிடுவார்கள். ஆனால் காயப்போட வேண்டிய வலை இருந்த வரைக்கும் ஆற்றுக்கும் ஓய்வு இருந்தது. ஓய்வே தேவைப்படாத வலை வந்ததும் ஆற்றுக்கும் ஓய்வு இல்லாமல் போனது. அறுந்துபோன நைலான் வலை தண்ணீருக்கடியில் கிடந்தும் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது அணை. 1948ல் தொடங்கி 1955ல் முடிந்த பவானிசாகர் அணை நமக்குச் சோறு போடுகிறது. கீழ்பவானிப் பாசனத்தில் விளைந்த நெல்லும் மஞ்சளும் எத்தனை குடும்பங்களைக் கரையேற்றியது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் முட்டையிட ஓடும் தண்ணீரில் மேலே ஏறிப் போகும் மீனுக்கு அணை ஒரு சுவர். மாயாறு பவானியில் கலக்கும் இடமே நீர்த்தேக்கமாகிவிட்டது. தேங்கிய தண்ணீரில் கட்லா, ரோகு, மிருகால் என்று வடக்கத்தி மீன்கள் வந்தன. 1952ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் ஒன்று குளம் குட்டையெல்லாம் நிறைந்தது. நம்ம உக்கடம் பெரியகுளத்திலிருந்து வாங்கி வரும் ஜிலேபிக் கெண்டை அதுதான்.

மூன்றாவது தோட்டா. கொங்கு நாட்டுக் கிணறு பாறைக் கிணறு. வெடி வைக்காமல் தண்ணீர் பார்க்க முடியாது. கிணற்றுக்கும் கல்குவாரிக்கும் வந்த தோட்டாவில் ஒன்றிரண்டு ஆற்றுக்கும் போனது. 1897லேயே தடை செய்த காரியம். ஒரு தோட்டா வெடித்தால் பெரிய மீன் மட்டுமல்ல, குஞ்சும் முட்டையும் சேர்ந்து போகும். தூண்டிலுக்கு எந்த மீன் வேண்டும் என்று தெரியும், முள்ளின் அளவு அதைச் சொல்லிவிடும். தோட்டாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

முடிவு என்ன? காவிரியின் திமில் மாசீருக்கு ரொம்ப நாளாக முறையான அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. 2018ல் ஆய்வாளர்கள் மாயாற்றில் கிடைத்த மீன்களையும் சேர்த்து ஆராய்ந்து, 'டோர் ரெமாதேவியே' என்ற பெயர் அதற்கே உரியது என்று உறுதி செய்தார்கள். நம்ம அமராவதி அணைக்கு வருகிற பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு முதலில் வைத்த பெயர் அது. நன்னீர் மீன்களை ஆராய்ந்த கே. ரெமாதேவி என்ற நம் நாட்டு விஞ்ஞானியின் நினைவாக வைத்தது. அதே 2018ல், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலில் உலக அளவில் அந்த மீன் சேர்க்கப்பட்டது. ரொம்ப காலம் துரைமார் புகழ்ந்து எழுதிய மீனுக்குச் சரியான பெயர் நிலைத்த வருஷமும், அது அழியப்போகிறது என்று அறிவித்த வருஷமும் ஒன்றுதான்.

அறுபது பவுண்டுத் தராசை இன்று பவானிக் கரைக்கு எடுத்துப் போனால் அதில் தொங்கவிட என்ன இருக்கும்? அந்த வெற்றுத் தராசுதான் நமக்குக் கிடைத்த கல்வெட்டு.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டுப் பரணில் இந்த மாதிரிப் பெட்டி இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்தும் முத்திரையும் தேய்ந்துவிடும். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். ஈயக்குண்டைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துருப்பிடித்த முள் குத்தினால் ஊசி போட்டுக்கொள்ளத் தாமதிக்க வேண்டாம். சாமான்களை வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. சிறுமுகை, சத்தியமங்கலம், கோபி, பவானி, கூடுதுறைப் பக்கம் இருக்கிற மாணவர்களே, சூலூர், சிங்காநல்லூர், குறிச்சிக் குளக்கரைச் சொந்தங்களே, உங்கள் ஊரில் வலை போட்ட, பரிசல் ஓட்டிய, பறி பின்னிய பெரியவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். நாலு கேள்வி போதும். அந்தச் சாமானுக்கு உங்கள் ஊரில் என்ன பேர்? எதனால் செய்தீர்கள்? எந்த மாதத்தில் எந்த மீனுக்கு? நீங்கள் பார்த்ததிலேயே பெரிய மீன் எவ்வளவு பெரிது? அவர்கள் கையை விரித்துக் காட்டினால் அதையும் படம் எடுங்கள். அந்த விரித்த கைகள்தான் நம்ம ஊர்த் தராசு.

கேட்ட பெயர்களை, பேச்சு வழக்கில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே, கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழையெல்லாம் இந்த முறை நான் திருத்த மாட்டேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதி வைக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காந்திபுரம், கோயமுத்தூர்.